புளியந்தீவில் அம்மம்மாவின் சீதன வீடு: விடுதியாக்கலாமா?

புளியந்தீவுப் பேத்தி எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் பழைய வீட்டைப் பற்றி இங்கே உள்ள பெரியவர்களிடமும் தொழில் தெரிந்தவர்களிடமும் கேட்டுத் தெளிவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். அம்மம்மாவின் அம்மாவுக்குச் சீதனமாகக் கட்டப்பட்ட வீடு அது. நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. மகளிடமிருந்து மகளுக்கு என்றே கைமாறி வந்து, இப்போது காணி உறுதி அக்காவின் பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது. முன்பக்கம் முழுவதும் தூண் வைத்த விறாந்தை, நடுவில் மண்டபம், அதன் இரு பக்கமும் அறைகள், பின்னால் கிணற்றடி, அதற்கு அப்பால் தனியாக நிற்கும் குசினி. கூரை முழுவதும் முன்பு பீலி ஓடுதான். 1978 நவம்பர் 23 சூறாவளியில் பின்பக்கக் கூரை பறந்த பிறகு அம்மப்பா அங்கே அஸ்பெஸ்டஸ் தகடு போட்டார். பிறகு முன்சுவருக்குச் சீமெந்து பூசினார்கள். பூசி ஐந்தாறு வருடங்களிலேயே அது பொருமி உதிரத் தொடங்கியது. ஒவ்வொரு மாரியும் கழிந்து தை மாதம் வரும்போது சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கிறது.

அக்கா வெளிநாட்டில் இருக்கிறார். நான் கல்முனையில் வேலை செய்கிறேன். வீட்டைப் பூட்டி வைத்தால் கறையான் தின்றுவிடும் என்று தெரிந்தும் மூன்று ஆண்டுகளாகப் பூட்டித்தான் வைத்திருக்கிறோம். இப்போது கொழும்பில் வசிக்கும் உறவினர் ஒருவர் 30 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்கிறார். பழைய அமைப்பைக் கெடுக்காமல் திருத்தி எட்டு அறைகள் கொண்ட சிறு விடுதியாக்குவதாகவும், மாலையில் முற்றத்தில் கூத்து, இரவில் வாவியின் பாடும் மீன் ஓசையைக் கேட்கத் தோணி, காலையில் பிட்டும் தயிரும் என்று மட்டக்களப்பின் பண்பாட்டை விருந்தினருக்குக் காட்டுவதாகவும் சொல்கிறார். பணம் எங்களிடம் இல்லை, அவரிடம் இருக்கிறது. ஆனாலும் கையெழுத்திட மனம் வரவில்லை. வீடு பிழைக்குமா, பிழைத்தாலும் அது எங்கள் வீடாக இருக்குமா என்ற இரண்டு கேள்விகளும் என்னை விடுவதாக இல்லை. தெரிந்தவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.

சுண்ணாம்புச் சாந்து எழுதியது:

தங்கச்சி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து ஓய்வுபெற்றவன். இந்த மாவட்டத்தில் பழைய பள்ளிக்கூடங்கள், கோவில் மடங்கள் என்று பலவற்றின் திருத்த வேலைகளில் நின்றிருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வீடு பிழைக்கும். பிழை சுவரில் இல்லை, அதன் மேல் பூசிய சீமெந்தில் இருக்கிறது.

கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர் நிலத்தடி ஈரத்தை எப்போதும் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால் உறிஞ்சிய ஈரம் வெயிலிலும் வாவிக்காற்றிலும் வெளியேறிவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் வெளியேற இடம் தேடி மேலே மேலே ஏறுகிறது. அதனோடு ஏறிய உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகித் தடித்து, பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. சுற்றிவர உவர்நீர் நிற்கும் புளியந்தீவில் இது இன்னும் விரைவாக நடக்கும். இதற்கு மேல் இன்னொரு முறை சீமெந்து பூசுவதும், ஈரம் தாங்கும் பெயின்ற் என்று விற்பதை அடிப்பதும் நோயைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

சீமெந்தை உளியும் சிறு சுத்தியலும் கொண்டு கையாலேயே எடுங்கள். இயந்திரத்தால் அடித்தால் உள்ளே உள்ள பழைய சாந்து கலங்கிக் கற்கள் அசைந்துவிடும். எடுத்த பிறகு ஒரு கோடை முழுவதும் சுவரைப் பூசாமல் காயவிடுங்கள். பூக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு மறுபடியும் உள்ளே போய்விடும். எங்கள் தாத்தாக்கள் பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இன்று பவளப்பாறை அகழ்வது சட்டப்படி தடை, ஆகவே யாராவது கள்ளமாகக் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள். மலைநாட்டுப் பக்கத்துச் சூளைகளில் சுட்ட சுண்ணாம்பை வாங்கி, குழியில் நீற்றி, மேலே நீர் நிற்கும்படி மூடி, இரண்டு மூன்று மாதமாவது ஊற விடுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல் போதும். வாவி மணலையும் கடல் மணலையும் முற்றத்துக்குள்ளேயே விடாதீர்கள். பூச்சை மெல்லிய படைகளாகப் போட்டு, கடும் வெயிலில் நனைத்த சாக்குத் தொங்கவிட்டு, மெல்ல மெல்ல இறுக விட வேண்டும். சுண்ணாம்பு காற்றில் இருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகுகிறது, அதை அவசரப்படுத்த முடியாது. உங்கள் உறவினர் ஆறு மாதத்தில் திறந்துவிடலாம் என்று சொல்லியிருந்தால், அவர் சீமெந்தைத்தான் நினைத்திருக்கிறார்.

அஸ்பெஸ்டஸ் தகட்டை உடைக்காமல், நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு இறக்க வேண்டும். அதன் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. நிலைகளும் கதவுகளும் முதிரையாகவோ பாலையாகவோ இருக்கும். பழுதான துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதே சாதி மரத்தைப் பொருத்தலாம். நிலையோடு கழற்றிக்கொண்டுபோய்ப் புதியது தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தக் கதவுகள் வேறு ஊர் விடுதிகளில் ஏறுவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கல்லடிப் பாலம் எழுதியது:

எனக்குத் தென்கரைக் காலி நகரின் கோட்டை நினைவுக்கு வருகிறது. 1988 இல் அது உலக மரபுரிமையானது. அதன் பிறகு வீடுகளின் விலை ஏறி, பல வீடுகள் வெளியாருக்குக் கைமாறி, விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. சுவர்கள் அழகாக நிற்கின்றன. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் குறைந்துவிட்டன. புளியந்தீவுக்கும் அந்த நிலை வர வேண்டுமா? ஒரு வீட்டுக்கு நல்ல விலை வந்தால் அடுத்த வீட்டுக்காரருக்கும் ஆசை வரும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

டச்பார் மகள் எழுதியது:

கல்லடிப் பாலத்தின் கவலை நியாயமானது. ஆனாலும் பூட்டிக் கிடந்து கூரை விழுந்த வீட்டில் எந்தக் குடும்பமும் வாழ முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் பிடித்த எங்கள் மட்டக்களப்புக் கோட்டை இன்றுவரை நிற்பதற்கு ஒரு காரணம், கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், நீண்ட காலம் அதற்குள் இயங்கியதுதான். ஆள் நடமாடாத கட்டடம் எங்கள் காலநிலையில் பத்து மாரியைத் தாங்காது.

நான் போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கிக் குடும்பத்தில் பிறந்தவள். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் தச்சு வேலை செய்தவர்கள். புளியந்தீவின் பழைய வீடுகளின் கதவு, யன்னல், அலுமாரி, கதிரை என்று எங்கள் ஆட்களின் கை படாதவை குறைவு. இந்தச் சொற்களையே பாருங்கள்: யன்னல், அலுமாரி, கதிரை, மேசை, சாவி, குசினி எல்லாம் போர்த்துக்கேயத்தில் இருந்து தமிழுக்கு வந்தவை. எங்கள் வீட்டில் அம்மம்மா பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை இன்று என் பிள்ளைகளால் பாதிதான் விளங்கிக்கொள்ள முடிகிறது. 2004 டிசம்பர் 26 காலையில் கடலோரத்து டச்பாரில் எங்கள் சனத்தில் எத்தனையோ பேரைக் கடல் கொண்டுபோனது. அவர்களோடு பாட்டும் மொழியும் போயின.

விடுதி என்று வந்தால் ஒன்றை மட்டும் கேட்கிறேன். பழைய வீடு என்றால் ஒல்லாந்தர் வீடு என்று எழுதி, சுவரில் கப்பல் படம் மாட்டி முடித்துவிடாதீர்கள். வரைபடத்தை யார் கொண்டுவந்திருந்தாலும், கல் அடுக்கியவர்களும் மரம் இழைத்தவர்களும் இந்த ஊரார். திருமண வீட்டில் வயலின் ஒலிக்க நாங்கள் ஆடும் கஃப்ரிஞ்ஞாவையும் லான்சர்ஸையும் பற்றி யாராவது விருந்தினர் கேட்டால், அதைச் சொல்வதற்கு எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். வேறு யாரோ மனப்பாடம் செய்து சொல்ல வேண்டாம்.

வட்டக்களரி எழுதியது:

"மாலையில் முற்றத்தில் கூத்து" என்ற வரியை வாசித்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது. நான் சிறு வயதில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் வடமோடிக் கூத்துப் பழகி, இன்றும் ஊர்க் களரி என்னும் ஆடுகளத்தில் ஆடுகிறேன். கூத்து என்பது ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்குவது அன்று. அண்ணாவியார் ஆளுக்கு ஏற்றபடி பாத்திரம் தெரிந்து, அவரவருக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய சட்டத்தைக் கொடுக்கிறார். பிறகு மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம் நடக்கிறது. சதங்கை அணியும் நாள் ஒன்று, அரங்கேற்றம் ஒன்று, அதன் பிறகு வீட்டுக்கு வீடு ஆடி முடிப்பது ஒன்று என்று ஓர் ஊரே அதில் ஈடுபட்டிருக்கிறது. வட்டக்களரியைச் சுற்றி நாலாபக்கமும் சனம் இருந்து விடியும்வரை பார்க்கிறது. மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, அரசன் களரிக்குள் வரும் வரவுக்கே நீண்ட நேரம் ஆகும். அதை வெட்டிக் குறுக்கி, சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருபது நிமிடம் ஆடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்லிவைக்கிறேன். கண்ணகி அம்மன் கோவிலின் வைகாசிச் சடங்கும் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும், கொம்புமுறி விளையாட்டும் ஊரின் நேர்த்தியோடு சேர்ந்தவை. அவற்றை எந்த வடிவத்திலும் விடுதி முற்றத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

பாசிக்குடா முன்மேசை எழுதியது:

வட்டக்களரி அண்ணனின் உணர்வை மதிக்கிறேன், ஆனால் முழுவதும் உடன்பட முடியவில்லை. பாசிக்குடாவில் விடுதி ஒன்றின் வரவேற்பு முன்மேசையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவன் நான். கலைஞர்களும் சாப்பிட வேண்டும், பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும். வருமானமே இல்லாத கலையை அடுத்த தலைமுறை பழக வராது. நான் கண்ட அவலம் வேறு. எங்கள் விடுதிக்கு ஆட வந்தவர்களைப் பின்வாசலால் அழைத்து, களஞ்சிய அறையில் உடை மாற்றச் சொல்லி, பணத்தை இடைத்தரகர் ஒருவரிடம் கொடுத்தார்கள். ஆடியவர்களின் கைக்கு எவ்வளவு போனது என்று எவரும் கேட்கவில்லை. ஆடலின் நீளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த நடத்தையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

அறைகளின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். கிழக்குக் கரையில் வெளிநாட்டார் கூடுதலாக வருவது சித்திரையில் இருந்து புரட்டாதி வரையான காலத்தில்தான். கார்த்திகை, மார்கழி மாரியில் அறைகள் வெறுமையாகக் கிடக்கும், சம்பளமோ ஒவ்வொரு மாதமும் கொடுக்க வேண்டும். அந்தச் சுமையைத் தாங்குவதற்காகத்தான் பலரும் அறைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஆனால் பழைய வீட்டில் அறையைக் கூட்டுவதென்றால் மண்டபத்தை மறிக்க வேண்டும், விறாந்தையை அடைக்க வேண்டும். வந்தவர் எந்த வீட்டைப் பார்க்க வந்தாரோ அந்த வீடு பிறகு இருக்காது. உங்கள் வீட்டு விவரத்தைப் பார்த்தால் நான்கு அல்லது ஐந்து அறைக்கு மேல் அது கொள்ளாது. மாரிக் காலத்தில் விருந்தினர் வராவிட்டால், ஊரில் வேலைக்கு வரும் விரிவுரையாளர்களுக்கும் வைத்தியர்களுக்கும் மாத வாடகைக்குக் கொடுக்கலாம்.

வட்டக்களரி எழுதியது:

பின்வாசல் என்ற சொல்லை நீங்கள் எழுதியதற்கு நன்றி, தம்பி. எனக்கும் அப்படி ஓர் இரவு உண்டு. உங்கள் வாதத்தை யோசித்துப் பார்த்து ஒரு வழி சொல்கிறேன். வசந்தன் ஆடல் இயல்பாகவே சிறு சிறு பாடல்களால் ஆனது. கோலடித்துச் சிறுவர்கள் ஆடுவது. அதை யாரும் வெட்டிக் குறுக்க வேண்டியதில்லை, முற்றத்திலும் ஆடலாம். கூத்தைப் பார்க்க விரும்பும் விருந்தினரைக் களரி நடக்கும் ஊருக்கே அழைத்துப் போங்கள். சீலாமுனைக்கோ கன்னங்குடாவுக்கோ போய், சனத்தோடு பாயில் இருந்து பார்க்கட்டும். வாரத்தில் ஒரு மாலை, முற்றத்தைப் பழக்கத்துக்கு எங்களிடம் விடுங்கள். பழகும்போது பிழை விடுவோம், நிறுத்துவோம், அண்ணாவியார் ஏசுவார். அதைப் பார்ப்பவருக்குக் கூத்து எப்படி உருவாகிறது என்பது விளங்கும், எங்களுக்கும் பழக இடம் கிடைக்கும்.

மருதமுனைத் தறி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். இந்த இழையில் இதுவரை கோவிலும் கோட்டையும் கூத்தும் வந்தன. எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்கள் இன்னும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். மட்டக்களப்பின் பண்பாடு என்று சொல்லும்போது காத்தான்குடியையும் ஏறாவூரையும் அம்பாறைக் கரையின் ஊர்களையும் விட்டுவிட்டால் அது அரைவாசிதான். பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். குடி என்னும் குல வழியைத் தாய் வழியாகச் சொல்வதும் இரு பக்கமும் உண்டு. என் வீடும் உம்மா தந்தது.

வாப்பா தறியில் இருந்தவர், இப்போது நானும் தம்பியும் இருக்கிறோம். விடுதிக்காரர்கள் எங்களிடம் வந்தால் வழக்கமாக நடப்பது இதுதான்: திறப்பு விழாவுக்கு முன் கட்டில் விரிப்பும் யன்னல் திரையும் அவசரமாகக் கேட்பார்கள், காசு மூன்று மாதம் கழித்து வரும், அடுத்த ஆண்டு இயந்திரத் தறியில் நெய்த மலிவான துணிக்கு மாறிவிடுவார்கள், ஆனால் சுவரில் எங்கள் தறியின் படம் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். நூலையும் சாயத்தையும் நாங்கள் கைக்காசுக்கு வாங்குகிறோம். ஆகவே சகோதரி, நீங்கள் எங்களிடம் வந்தால் முற்பணம் தாருங்கள். ஒரு முறை நிறையக் கேட்பதைவிட, ஆண்டுதோறும் கொஞ்சமாகக் கேளுங்கள். வாவிக்கரை ஈரத்தில் விரிப்புகள் எப்படியும் விரைவாகப் பழசாகும்.

சமையலையும் யோசியுங்கள். குசினியின் ஒரு பகுதியை ஹலால் முறைக்கு ஒதுக்கி, எங்கள் ஊர்ப் பெண்களையும் சமைக்கக் கூப்பிட்டால், சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும் சோற்றையும் வட்டிலப்பத்தையும் விருந்தினர் அறிந்துகொள்வார்கள். மதுச்சாலை வைப்பதாக இருந்தால் எங்கள் பெண்கள் வேலைக்கு வர மாட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதலிலேயே தெரிந்திருந்தால் நல்லது.

புளியந்தீவுப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். டச்பார் மகள் அக்கா, எங்கள் மண்டபத்து அலுமாரியின் உட்புறத்தில் தச்சர் ஒருவர் பென்சிலால் எழுதிவிட்டுப் போன கணக்கு இன்னும் இருக்கிறது. அதைக் கழுவக் கூடாது என்று முடிவு செய்துவிட்டோம். இப்போது ஒரு சிக்கல். உறவினரின் திட்டத்தில் ஒவ்வொரு அறைக்குள்ளும் குளியலறை இருக்கிறது. அதற்குப் பழைய சுவர்களைத் துளைக்க வேண்டும். கழிவுக்குழியை வாவிப் பக்கத்து வளவில் காட்டியிருக்கிறார்.

வாவிக்கரை எழுதியது:

கழிவுக்குழி வாவிப் பக்கம் வேண்டவே வேண்டாம். புளியந்தீவில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வருகிறது. மாரியில், வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை வாவி உயர்ந்து நிற்கும், குழியும் வாவியும் ஒன்றாகிவிடும். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் ஆட்கள் வலை வீசுகிறார்கள். அடைத்த தொட்டி வைத்து, தெருப் பக்கம் இருந்து வண்டியால் எடுக்கும்படி அமையுங்கள். செலவு கூடும், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பாடும் மீன் கேட்கத் தோணி என்றால், இயந்திரம் பூட்டாத தோணியாக இருக்கட்டும். நிலவு நாளில் துடுப்பைத் தண்ணீருக்குள் நிறுத்தி, அதன் காம்பில் காதை வைத்துத்தான் நாங்கள் கேட்போம்.

சுண்ணாம்புச் சாந்து எழுதியது:

குளியலறைகளைப் பழைய சுவருக்குள் கொண்டுவராதீர்கள். கிணற்றடிப் பக்கத்தில், பழைய வீட்டைத் தொடாமல், ஒரு சிறு நடையால் இணைத்த தனிக் கட்டடமாகப் போடுங்கள். நாளைக்கு வேண்டாம் என்றால் இடித்துவிடலாம், வீட்டுக்குக் காயம் இருக்காது. மின்கம்பிகளையும் சுவரை வெட்டிப் புதைக்காமல் வெளியே குழாயில் ஓட்டுங்கள்.

நொத்தாரிசு வீட்டு மகன் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். பிள்ளை, 30 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. உங்களுக்கும் அக்காவுக்கும் பிறக்கும் பெண் பிள்ளைகள் கலியாண வயதுக்கு வரும்போதும் வீடு இன்னொருவர் கையில் இருக்கும். பத்து ஆண்டுக்கு எழுதுங்கள், புதுப்பிப்பது இரு பகுதியின் சம்மதத்தோடு என்று போடுங்கள். சுவர், கூரை, கதவு, நிலை ஆகியவற்றில் எதை மாற்றுவதென்றாலும் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். உள்ளே உள்ள தளபாடங்களைப் படம் எடுத்து அட்டவணையாக இணையுங்கள். ஒப்பந்தத்தைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். உறவினர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எத்தனையோ நல்ல உறவுகள் வாய்ப்பேச்சால்தான் முறிந்தன. கோட்டையை அண்டிய வீடாக இருந்தால் வேலை தொடங்கும் முன் தொல்பொருள் திணைக்களத்திடமும் மாநகர சபையிடமும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் விடுதியைப் பதிவதும் அவசியம்.

இன்னொன்று, இது சட்டம் அன்று. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருகிறார். வந்தவர் அந்த வீட்டின் ஒழுங்குக்கு இசைந்து நடக்கிறார். யாரும் அவருக்காக வீட்டின் வாசலை மாற்றிக் கட்டுவதில்லை. வெளிநாட்டில் இருந்து வருபவரையும் அப்படியே நடத்துங்கள். விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். சாமி அறையைப் பூட்டி வையுங்கள், காட்சிக்கு வைக்காதீர்கள். ஆண்டில் ஒரு கிழமையாவது உங்கள் குடும்பத்துக்கு வீட்டை ஒதுக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதி, சித்திரை வருடப்பிறப்புக்கு நீங்களே போய் அந்தக் குசினியில் அடுப்பு மூட்டுங்கள்.

புளியந்தீவுப் பேத்தி எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். உறவினருடன் மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். முதல் முறை அவர் மனம் நொந்துதான் எழுந்து போனார். இரண்டாம் முறை சுண்ணாம்புச் சாந்து ஐயா நேரில் வந்து, முன்சுவரில் ஒரு சிறு சதுரம் அளவுக்குச் சீமெந்தைத் தட்டி எடுத்து, உள்ளே ஊறிக் கிடந்த ஈரத்தை அவருடைய கையாலேயே தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதன் பிறகு பேச்சு மாறியது. பத்து ஆண்டு, ஐந்து அறை, மதுச்சாலை இல்லை, குளியலறை கிணற்றடிப் பக்கம், கழிவுத் தொட்டி தெருப் பக்கம் என்று இணங்கியிருக்கிறோம். திறப்பதை ஓர் ஆண்டு தள்ளிவைக்க அவர் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதல். சித்திரைக் கிழமை எங்களுக்கு. செவ்வாய் மாலை முற்றம் களரிக்கு. ஆட வருபவர்கள் முன்வாசலால் வருவார்கள், பணம் அண்ணாவியாரின் கையிலேயே கொடுக்கப்படும். பிந்திய இரண்டையும் உறவினர் சிறு விஷயங்கள், எழுதத் தேவையில்லை என்றார். அக்கா விடவில்லை, எழுதித்தான் கையெழுத்து வைத்தோம்.

கிணற்றுக்கு அப்பால் குழி வெட்டி நேற்றுச் சுண்ணாம்பு நீற்றினோம். கொதித்து ஆவி எழும்பியபோது பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு வந்து நின்று, தன் சிறு வயதில் இப்படி ஒரு குழியைக் கண்டதாகச் சொன்னார். இப்போது தகரம் போட்டு மூடியிருக்கிறோம். மருதமுனைச் சகோதரிக்கு முற்பணம் எப்படி அனுப்புவது என்று தனியாகக் கேட்டிருக்கிறேன்.

மருதமுனைத் தறி எழுதியது:

பணம் வந்தது, சந்தோஷம். தறியின் நீள நூலான பாவை ஓட்டுவதற்கு முன் ஐந்து கட்டில்களின் நீள அகலத்தையும் அளந்து அனுப்புங்கள், சகோதரி. பழைய கட்டில்கள் ஒன்றுபோல இருக்காது. ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும். முன்சுவரின் நிறம் சுண்ணாம்பு வெள்ளைதானா என்பதையும் சொல்லுங்கள், அதைத் தெரிந்துகொண்டு விரிப்பின் கரைக்கு நூல் சாயம் போடுகிறேன்.